மந்தைவெளியில் துப்பாக்கிச் சத்தம்

விம்பிள்டன் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? டென்னிஸ்தானே! நம்மூர் ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் அரையிறுதி வரை போன இடம். ஆனால் அதற்கு ஒரு நூறு வருடம் முன்னால் அங்கே போயிருந்தால், பந்துச் சத்தம் கேட்டிருக்காது. டுமீல் டுமீல்தான்.

இங்கிலாந்தில் அப்போது பிரெஞ்சு பயம். மூன்றாம் நெப்போலியன் எந்த நேரமும் படையோடு வந்து இறங்கிவிடுவார் என்று ஊரே நடுங்கிக்கொண்டிருந்தது. குமாஸ்தா, கடைக்காரர் எல்லாரும் தொண்டர் படையில் சேர்ந்தார்கள். சேர்ந்தால் போதுமா? சுடத் தெரிய வேண்டாமா? அதற்காக 1859-ல் தேசிய ரைஃபிள் சங்கம் பிறந்தது. அடுத்த வருடம் ஜூலையில், விம்பிள்டன் பொதுவெளியில் முதல் போட்டி. முதல் குண்டைச் சுட்டவர் சாட்சாத் விக்டோரியா மகாராணி. தாங்கியில் பொருத்தி, குறியெல்லாம் பார்த்து வைத்திருந்த துப்பாக்கி. மகாராணி ஒரு பட்டுக் கயிற்றை இழுத்தார். அவ்வளவுதான். 400 கஜத்துக்கு அப்பால் நட்ட நடுவே பட்டது குண்டு!

பொதுவெளி என்றால் நம் பாஷையில் மந்தைவெளி. மாடு மேயலாம், ஜனங்கள் காற்று வாங்கலாம். அதில் வருடா வருடம் கூடாரம் போட்டுச் சுட்டார்கள். லண்டன்வாசிகளுக்கு அது திருவிழா மாதிரி.

சிக்கல் எங்கே வந்தது? இரண்டு பக்கமும் வளர்ந்ததில் வந்தது. ஒரு பக்கம் ரயில் வந்து, வீடுகள் பெருகி, கிராமம் நகரத்தோடு ஒட்டிக்கொண்டது. இன்னொரு பக்கம் துப்பாக்கியும் வளர்ந்தது. புது ரைஃபிள்களின் குண்டு முன்பைவிட வெகுதூரம் போகும். குறி தப்பினால் அது எங்கே போய் விழும்? அடுத்தவன் நிலத்தில்!

அந்த அடுத்தவர் யார் தெரியுமா? கேம்பிரிட்ஜ் கோமகன். மகாராணியின் சித்தப்பா மகன். அதைவிட வேடிக்கை, பிரிட்டிஷ் ராணுவத்தின் தலைமைத் தளபதி! நாட்டுக்கே துப்பாக்கி பிடிக்கச் சொல்லவேண்டியவர், ‘என் நிலத்துப் பக்கம் சுடாதீர்கள், ஆபத்து’ என்றார்.

‘நாங்கள்தானே முதலில் வந்தோம்?’ என்று சங்கம் மல்லுக்கு நின்றிருக்கலாமே என்பீர்கள். அந்த வாதம் ஏற்கெனவே அடிபட்டிருந்தது. 1879-ல் லண்டனில் ஒரு வழக்கு. ஒரு மிட்டாய்க்காரர் இருபது வருடத்துக்கும் மேலாக உரலில் இடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு டாக்டர் தோட்டத்தில் புதிதாக ஓர் ஆலோசனை அறை கட்டினார். இடிக்கிற சத்தத்தில் நோயாளியின் நெஞ்சில் காது வைத்துக் கேட்க முடியவில்லை. கோர்ட்டுக்குப் போனார். யார் ஜெயித்தது? டாக்டர்! முதலில் வந்தவன் என்பதற்காக அடுத்தவனைத் தொந்தரவு செய்யும் உரிமை கிடைத்துவிடாது என்றாகிவிட்டது.

எந்தப் பேட்டையில் எது இருக்கலாம் என்று வகுக்கும் நகரத் திட்டச் சட்டமே அங்கே 1909-ல்தான் வந்தது. ஆகவே சங்கம் தானாகத்தான் வழி தேட வேண்டியிருந்தது. தேடியது. 1889-ல் விம்பிள்டனில் கடைசிப் போட்டி. 1890-ல் லண்டனிலிருந்து தென்மேற்கே சுமார் 45 கிலோமீட்டரில், புதர் மண்டிய பிஸ்லிக்குக் குடிபோனது. போட்டிக்கு வருகிறவர்களுக்காக ஒரு குட்டி ரயில் பாதையும் போட்டார்கள்.

தோற்று ஓடினார்களா? ம்ஹும். 1908 ஒலிம்பிக் துப்பாக்கிப் போட்டிகளில் பெரும்பாலானவை பிஸ்லியில்தான் நடந்தன. 2002 காமன்வெல்த் போட்டியில் நம் அஞ்சலி பாகவத் நான்கு தங்கம் சுட்டெடுத்ததும் அங்கேதான். விம்பிள்டன் மந்தைவெளி? இன்றும் ஜனங்கள் நாயோடு நடந்துகொண்டிருக்கிறார்கள். குண்டு பயம் இல்லாமல்.