கரை காக்கும் கடமை

வெள்ளத்திற்கும் வறட்சிக்கும் முன்னேற்பாடு செய்யவேண்டியது அரசா, தனிமனிதரா என்னும் வழக்கு, ஒவ்வொரு பேரிடரின் பின்னும் எழுந்து அடங்குகிறது. தமிழகத்து ஏரிகளின் வரலாற்றை அறிந்தோர்க்கு இவ்வழக்கில் ஒரு தரப்பு விடுபட்டிருப்பது புலனாகும். அது ஊர்.

முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை (கி.பி. 919, 921) குடவோலைக்காக மேடைதோறும் போற்றுகிறோம். குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்டோர் ஆற்றிய பணியைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அவர்களுள் அறுவர் ஏரி வாரியத்தார். 360 நாள் ஏரியைப் பேணுவது அவர்கள் பொறுப்பு. ஏரியின் பராமரிப்புக்கென நிலம் விடுவதும் சோழர் கால வழக்கம்; அந்நிலம் ஏரிப்பட்டி எனப்பட்டது. எண்ணூறு ஆண்டு கழித்துச் செங்கற்பட்டுச் சீமையில் எடுக்கப்பட்ட கணக்கிலும் (1767–1774), களத்தில் நெல்லைப் பங்கிடுகையில் ஏரிக்கென ஒரு மேரை ஒதுக்கப்பட்டதைக் காண்கிறோம். கடமையும் அதற்குரிய பொருளும் ஓரிடத்தில் இருந்தன.

இதனைப் பொற்காலமென்று பாடக் கவிஞர்கள் விரையவேண்டா. வாரியத்தில் அமர நிலமும் கல்வியும் வேண்டும். மண் சுமந்தவன் பெயர் குடத்துள் விழவே இல்லை.

கும்பினி ஆட்சியில் நிலவரி மிகுந்தது. ஏரிக்குரிய மேரைகள் தேய்ந்து மறைந்தன. ஆயினும் குடிகளின் உழைப்பு மட்டும் தேவைப்பட்டது. 1858ஆம் ஆண்டின் முதற் சட்டம், சென்னை மாகாணத்தில் குடிமராமத்துக்கு வர மறுப்பவர் அவ்வுழைப்பின் மதிப்பைப்போல் இருமடங்கு பணம் கட்டவேண்டும் என்றது. கரை உடையும் ஆபத்துக் காலத்திலோ, உழைக்கும் வகுப்பாரைக் கட்டாயமாக அழைக்கலாம் என்றது. வருவாய் அரசுக்கு, கடமை குடிக்கு! இருபதாண்டுக்குள் தாது வருடப் பஞ்சம் (1876–78) வந்தது. அதன் பின்னரே, 1883இல், ஏரிகளைச் சீரமைக்கும் திட்டத்தை அரசு தொடங்கிற்று.

நகரத்தின் கதை வேறு. 1920களில் மாம்பலத்து நெடிய ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை எழுப்பியது அரசுதான். மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது. பார்ப்பதற்கு ஏரி இல்லை. முகப்பேரில் வீட்டுவசதி வாரியம் மனை வகுத்த பகுதி 'ஏரித் திட்டம்' என்றே வழங்குகிறது. மழையைச் சிறப்பித்து ஓர் அதிகாரமே இயற்றிய வள்ளுவருக்கு 1976இல் நாம் கோட்டம் எடுத்ததும் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில்தான். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் வீடுகளுள் புகுந்தபோது, நீர்வழியில் ஏன் வீடு கட்டினாய் என்று தனிமனிதரைக் கேட்டவர் பலர். அரசு முத்திரையிட்ட மனையை நம்பி வாங்கியவன் அதற்கு என்ன விடை கூறுவான்?

2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்னும் பழம்பெயரிலேயே ஒரு திட்டம் தொடங்கி, ஏரிப் பணிகளைப் பாசன விவசாயிகளின் சங்கங்களிடம் ஒப்படைத்தது. ஆயக்கட்டு உள்ள ஊரில் குடி யாரென்று தெரியும். வயலெல்லாம் மனையாகிவிட்ட நகரத்து ஏரிக்கு எவரைக் குடியென்று அழைப்பது என்பதற்கு அப்பழம்பெயரில் விடையில்லை.