தேய்ந்த சதமும் தேயாத சதமும்: ஊவாத் தோட்டங்களின் நாணயச் சான்றுகள் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

நாணயவியல் என்றதும் தமிழாய்வுலகில் நம் நினைவுக்கு வருவன பெருவழுதியின் பெயர் பொறித்த சங்ககாலக் காசும், யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட ‘சேது’ நாணயமுமேயாகும். அரசரின் பெயரும் இலச்சினையும் தாங்கிய காசுகளை நாம் ஆர்வத்தோடு ஆராய்ந்துள்ளோம். ஆயின், கடந்த ஒன்றரை நூற்றாண்டுக் காலத்தில் உழைக்கும் மக்களின் கைகளிற் புழங்கிய காசுகள் நமது ஆய்வுக்குரிய பொருளாக இன்னும் போதியளவு கொள்ளப்படவில்லை. அவை நாணயச் சேகரிப்பாளரின் பொழுதுபோக்குக்குரியன என விடப்பட்டுள்ளன.

இவ்விடைவெளியின் ஒரு சிறு பகுதியையேனும் சுட்டிக்காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஊவா மாகாணத்தின் பெருந்தோட்டங்களை, சிறப்பாகக் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தத் தோட்டத்தை மனத்திற்கொண்டு இதனை எழுதுகின்றோம். நாம் எழுப்பும் வினா எளியது: நாணயச் சந்தை உயர்வாக மதிக்கும் காசும், வரலாற்று மாணவன் உயர்வாக மதிக்கவேண்டிய காசும் ஒன்றுதானா?

2

அண்மைக்கால நாணயங்களைச் சேகரிப்போர் ஒரு நாணயத்தின் அருமையை இரண்டு வகையாக அளவிடுகின்றனர். எத்தனை நாணயங்கள் அச்சிடப்பட்டன என்பது ஒன்று; எஞ்சியுள்ளவற்றுள் எத்தனை பழுதற்றவை என்பது மற்றொன்று. பல இலட்சக்கணக்கில் அச்சிடப்பட்ட மிகச் சாதாரணமான ஒரு சதம்கூட, கைபடாத நிலையிற் கிடைப்பின் அரும்பொருளாகிவிடுகின்றது.

இந்நிலையை எண்ணாற் குறிக்கும் முறையை வகுத்தவர் அமெரிக்கரான வில்லியம் செல்டன் ஆவார். அவர் 1949இல் வெளியிட்ட நூலில் 1 முதல் 70 வரையான அளவுகோலொன்றைத் தந்தார். எழுத்தும் உருவமும் மங்கி, இன்ன நாணயமென்று மட்டுமே இனங்காணக்கூடியது 1, எக்குறையுமற்றது 70. புழக்கத்துக்கு வராதவையெல்லாம் 60உம் அதற்கு மேற்பட்டவையும். 1986 தொடக்கம் அமெரிக்காவில் வணிக நிறுவனங்கள் இவ்வளவுகோலின்படி நாணயங்களைத் தரப்படுத்தி, பிளாத்திக்குப் பேழையுள் வைத்து முத்திரையிட்டு வழங்கத் தொடங்கின. செப்பு நாணயமாயின் அதன் நிறமும் தரத்தின் ஒரு கூறாகின்றது. அச்சாலையிலிருந்து வந்தபோதிருந்த செந்நிறம் மாறாதது முதற்றரம். கபில நிறமானது கடைத்தரம். 64க்கும் 66க்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் காண உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். விலையில் அது பன்மடங்காகப் பெருகுவதுண்டு.

செல்டன் தமது அளவுகோலை அமைத்தது அமெரிக்காவின் பழைய செப்புச் சதங்களை முன்வைத்தே என்பது மனங்கொள்ளத்தக்கது. ஏழையின் கைக்காசாக வெளிவந்த நாணயமே, ஏழையின் கை படாதிருந்தால் மட்டும் மதிப்புப் பெறும் பொருளாயிற்று. பரிமாற்றத்துக்கென ஆக்கப்பட்ட பண்டமொன்று, ஒருமுறையேனும் பரிமாறப்படாமையாற் பெறுமதி அடைகின்றது. இம்முரண் பொருளியல் மாணவர்க்கும் சிந்தனைக்குரியதாகும்.

3

இனி, சதம் மலைநாட்டுக்கு வந்த வரலாற்றை நோக்குவோம். கோப்பிப் பயிர்ச்செய்கை உச்சநிலையை நெருங்கிய காலத்தில், 1869இல், இந்திய வெள்ளி ரூபா இலங்கையின் பிரதான சட்டநாணயமாக்கப்பட்டது. 1872 சனவரி முதல் பவுண், சிலிங், பென்ஸ் என்ற கணக்கு நீங்கி, நூறு சதம் கொண்ட ரூபாக் கணக்கு நடைமுறைக்கு வந்தது. 1870ஆம் ஆண்டு பொறித்த ஐந்து சதம், ஒரு சதம், அரைச் சதம், காற் சதம் ஆகிய செப்பு நாணயங்கள் அதன்பொருட்டு வெளியிடப்பட்டன. ஒரு புறம் விக்டோரியா மகாராணியின் தலை. மறுபுறம் பனையின மரமொன்று. அதன் இருமருங்கும் சிங்களத்திலும் தமிழிலும் பெறுமதி. 10, 25, 50 சத வெள்ளி நாணயங்கள் 1892இல் வெளிவந்தன. ஆயின், தனக்கென ஒரு ரூபா நாணயத்தை இலங்கை 1957 வரை வெளியிடவில்லை. முழு ரூபா இந்தியாவிலிருந்து வந்தது. அதன் உடைசல் மட்டுமே இலங்கைக்குரியதாயிருந்தது.

இவ்வேற்பாடு பெருந்தோட்ட முறைமையோடு தொடர்பற்றதன்று. தோட்டங்களின் உழைப்பாளர் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தோராவர். ஊருக்குத் திரும்பும்போது அங்கே செல்லும் காசையே அவர்கள் வேண்டினர். அவர்களது உழைப்பை வாங்குவதற்கு அவர்கள் ஏற்கும் நாணயம் தேவைப்பட்டது. தென்னிந்திய உழவனின் இடம்பெயர்வும் இலங்கையின் நாணயமுறையும் இவ்வாறு ஒரே பொருளாதார வலையின் இரு முனைகளாயின.

4

எனினும், நாணயம் மலைக்கு வந்தது என்பதும் தொழிலாளியின் கைக்கு வந்தது என்பதும் ஒன்றல்ல. தோட்டத்திற் கூலி பெரும்பாலும் ஏட்டிலேயே வாழ்ந்தது. ஒரு நாள் வேலை ‘ஒரு பேர்’ எனச் செக்றோலிற் பதியப்படும். குறைவான வேலைக்கு ‘அரைப்பேர்’ விழும். மாத முடிவில் அப்பேர்கள் கூலியாகக் கணக்கிடப்பட்டு, அரிசி, கம்பளி, முன்பணம் ஆகியவற்றின் பெயரிற் கழிக்கப்படும். எஞ்சியதே சம்பள நாளிற் காசாகும். கோப்பிக் காலத்தில் அச்சம்பள நாளும் மாதக்கணக்கிற் பிந்துவது வழமையாயிருந்தது. முன்பணமோ ஊரிலிருந்து புறப்படும்போதே கடனாகத் தொடங்கிவிடும்.

இக்கடனுக்கு ஒரு தாள்வடிவம் இருந்தது. அதுவே ‘துண்டு’. இன்ன தொகையைத் தந்தால் இவ்வாட்களை விடுவிப்பேன் எனத் துரை எழுதிக் கொடுக்கும் அத்துண்டைக் கங்காணி மற்றொரு தோட்டத்துக்குக் கொண்டுசெல்வான். அத்தோட்டம் தொகையைச் செலுத்தி ஆட்களைப் பெற்றுக்கொள்ளும். நாணயத்தாளைப் போலவே துண்டும் கைமாறியது. அதன் பின்னே பிணையாக நின்றது பொன்னோ வெள்ளியோ அன்று, மனிதரே. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தினாலேயே துண்டு முறை ஒழிக்கப்பட்டது.

தோட்ட மொழியும் இவ்வுறவைப் பேணி வைத்துள்ளது. பெரிய கங்காணியின் கீழ்ச் சிறு குழுவை மேய்த்தவன் ‘சில்லறைக் கங்காணி’ எனப்பட்டான். வேலைக்கு வந்த ஆட்களின் எண்ணிக்கைப்படி கங்காணிமார்க்குக் கிடைத்த கொடுப்பனவொன்று தோட்டப் பதிவுகளில் ‘பென்ஸ் காசு’ என்ற பெயராலேயே தொடர்ந்தது. பென்ஸ் கணக்கு மறைந்து பல்லாண்டுகளான பின்னும் அச்சொல் மறையவில்லை. மாதச் சம்பளக் கணக்குக்குப் புறம்பாக, செய்த வேலைக்கு உடன் கிடைக்கும் பணத்தை மக்கள் ‘கைக்காசு’ என்றனர். கைக்கு வரும் காசுக்குத் தனிப்பெயர் வேண்டியிருந்தமையே, ஏனைய காசு கைக்கு வராமையைக் காட்டும் சான்றெனலாம்.

1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ் 1929இல் நாட்கூலி வரையறுக்கப்பட்டபோது, மலைநாட்டின் உயர்பகுதித் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவர்க்கு 32 சதம் எனத் தொகைகள் அமைந்தன. கொழுந்து கொய்வதில் முதன்மைப் பங்கு பெண்களுடையது. கூலியில் 11 சதம் குறைவும் அவர்களுடையதே. ஒற்றைச் சதம் இம்மக்களின் வாழ்க்கையில் அற்பப் பொருளன்று என்பதை இவ்வெண்களே உணர்த்தும். 1940 வரை அரைச் சதமும் அச்சிடப்பட்டமை, எத்துணைச் சிறிய அளவில் ஏழைமக்களின் கொள்வனவு நிகழ்ந்தது என்பதைக் காட்டுகின்றது.

5

அரசு வெளியிட்ட நாணயத்தோடு நில்லாமல், நாணயம்போன்ற வேறு உலோக வில்லைகளையும் கருதவேண்டும். கோப்பிக் காலத்திற் கொழும்பு ஆலைகளிற் கோப்பிக்கொட்டையைத் தெரிந்து தரம்பிரித்த தொழிலாளர்க்கு, ஆலை உரிமையாளர் தமது பெயர் பொறித்த வில்லைகளை நாட்கணக்குக்காக வழங்கினர். சோர்ச் ஸ்ருவட் நிறுவனத்தின் வேகந்த ஆலை வில்லை இவற்றுள் ஒன்று. இன்று இவை சேகரிப்பாளரிடையே பெரிதும் நாடப்படுகின்றன.

மற்றொன்று, இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், 1902ஆம் ஆண்டளவில், புகுத்தப்பட்ட ‘டின் டிக்கட்’ எனும் தகர வில்லை. தென்னிந்தியாவில் ஆள்சேர்க்கப்பட்ட ஒவ்வொருவர்க்கும் இது வழங்கப்பட்டது. எந்தத் தோட்டத்துக்கு எத்தனையாவது ஆள் என்பதை அதிற் குத்திய எழுத்தும் எண்ணும் கூறும். வழிப்பயணச் செலவை அத்தோட்டத்தின் கணக்கில் எழுதவும், ஆள் வேறிடம் சென்றுவிடாமற் காக்கவும் அது பயன்பட்டது. நாணயத்தில் ஒரு புறம் மன்னரின் தலை இருக்கும். இவ்வில்லையிலோ தலை இல்லை, பெயரும் இல்லை. அதனைச் சுமந்தவரின் உடலே அதன் மறுபுறமாயிற்று.

6

இந்நாணயங்களையும் வில்லைகளையும் நாம் அறியத் துணைநின்றோர் சேகரிப்பாளரும் பட்டியலாளருமே என்பதை நன்றியோடு குறிப்பிடல் வேண்டும். லௌஸ்லி 1895இலும், கொடிறிங்ரன் 1924இற் கொழும்பு நூதனசாலை வெளியீடாகவும், பிறிட்மோர் பின்னரும் எழுதிய நூல்கள் இன்றேல் ஆய்வுக்கு அடிப்படையே இராது. பழுதற்ற நாணயத்தினாலேயே அச்சுவேறுபாடுகளையும் எழுத்தமைப்பையும் துல்லியமாக அறியமுடியும் என்பதும் உண்மை. உயர்தர நாணயத்தை நாடுவது குற்றமென்பது நமது வாதமன்று.

ஆனால், அது எதனைக் கூறுகின்றது, எதனைக் கூறாது என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும். செந்நிறம் மாறாத 1870ஆம் ஆண்டுச் சதம் அச்சாலையின் வரலாற்றைக் கூறும். தோட்டத்தின் வரலாற்றைக் கூறாது. ஊவாவின் பனியும் பருவமழையும் செம்பை விரைவிற் கறுக்கவைப்பன. அங்கே புழங்கிய சதம் அளவுகோலின் கீழ்ப்படியிலேயே நிற்கும். தோட்ட வீடுகளின் தகரப்பெட்டிகளில் எஞ்சிய பழங்காசுகளைக் கண்டோர், அரசியின் முகம் வழுவழுவெனத் தேய்ந்திருப்பதை அறிவர். அத்தேய்வு எத்தனையோ கைகளின் ஒப்பமாகும்.

சேகரிப்பாளர் ‘பழுது’ எனத் தள்ளும் மற்றொன்று துளையிட்ட நாணயம். குழந்தையின் அரைஞாணிலோ பெண்ணின் கழுத்துக் கயிற்றிலோ கோப்பதற்காகத் துளையிடப்பட்ட வெள்ளிக் காசு சந்தைக்கு உதவாது. நமக்கோ அது, கடனிலே பிறந்த ஒரு குடும்பம் ஏதோ ஒரு மாதத்தில் ஒரு காசைச் செலவிடாது மிச்சப்படுத்தியது என்பதற்கான ஆவணம். மஞ்சட்டுணியில் நேர்த்திக்காக முடிந்த காசும் அத்தகையதே. எழுதிய ஏடுகளெல்லாம் துரையின் அலுவலகத்தில் இருந்தன. தொழிலாளியிடம் எஞ்சிய ஏடு அதுவொன்றுதான்.

இங்கு நாணயத்தின் தரத்தைக்காட்டிலும் இன்றியமையாதது அது கிடைத்த இடமாகும். எந்தத் தோட்டம், எந்த லயம், யார் வைத்திருந்தார், ஏன் வைத்திருந்தார் என்ற செய்திகள் நீங்கிய மறுகணமே தேய்ந்த சதம் வெறும் பழஞ்செம்பாகிவிடும். உயர்தர நாணயம் தன் மதிப்பைத் தன்னிலேயே கொண்டுள்ளது. தேய்ந்த நாணயமோ அதனைச் சுற்றியுள்ள மனிதரின் நினைவிலே கொண்டுள்ளது. ஆகவேதான் இரண்டாவதன் இழப்பு விரைவானது.

7

இவ்விழப்பு எத்துணைக் கொடிதாக நிகழக்கூடும் என்பதை மீரியபெத்த நமக்கு உணர்த்தியது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில் மலைச்சரிவு அத்தோட்டத்தின் லயங்களை மூடியது. அப்பகுதி அபாயமானதென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தும், மக்கள் பாதுகாப்பான இடத்திற் குடியமர்த்தப்படவில்லை. நிகழ்ந்ததன் பின்னர், இறந்தோரும் காணாமற்போனோரும் எத்தனைபேர் என்பது பற்றி ஒன்றுக்கொன்று முரணான எண்கள் வெளியாயின.

இதனை நாம் ஆழ்ந்து சிந்திக்கவேண்டும். 1902இலே ஒவ்வொருவரின் கையிலும் எண்பொறித்த தகர வில்லை இருந்தது. ஒவ்வொரு பேரும் செக்றோலில் இருந்தது. கொய்த கொழுந்தின் ஒவ்வோர் இறாத்தலும் நிறுக்கப்பட்டது. உழைப்பைக் கணக்கிடுவதில் இத்துணை நுட்பம் வாய்ந்த ஒரு முறைமை, ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னும், அங்கே வாழ்ந்தோர் எத்தனைபேர் என்பதை உடன் சொல்ல இயலாது நின்றது. பேருக்குக் கணக்கு இருந்தது. ஆளுக்குக் கணக்கு இருக்கவில்லை.

உயிரிழப்பின் முன்னே பொருளிழப்பைப் பேசுதல் தகாது. எனினும், மண்ணின் கீழ்ச் சென்றவற்றுள் காம்பராக்களின் தகரப்பெட்டிகளும், அவற்றினுள் தலைமுறைகள் பேணிய சிறு பொருள்களும் அடங்கும் என்பதை வரலாற்று மாணவர் மறத்தலாகாது. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் செய்துகொள்ளப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கப்பலேறியோருடன் ஒரு பகுதி சென்றது. வறுமையில் விற்கப்பட்டு உருக்கப்பட்டது ஒரு பகுதி. மண்சரிவுகளில் மறைந்தது மற்றொரு பகுதி.

எஞ்சியவற்றையேனும் பதிவு செய்தல் நமது கடனாகும். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. பதுளை, அப்புத்தளை, பண்டாரவளைத் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் வரும் மாணவர் தத்தம் வீட்டிலுள்ள பழங்காசு, வில்லை, துண்டு ஆகியவற்றைப் படமெடுத்து, அவற்றை வைத்திருக்கும் முதியோரின் சொற்களையும் உடன் எழுதி வைப்பரேல், ஓரிரு ஆண்டுகளில் வேறெங்கும் காணக்கிடையாத ஆவணத் தொகுதியொன்று உருவாகும். பொருளை வாங்கவேண்டியதில்லை; அது உரியவரிடமே இருக்கட்டும். காசைத் துலக்கிப் பளபளப்பாக்கவும் வேண்டா. அதன் மீதுள்ள கறுப்பும் தேய்வுமே நாம் வாசிக்கவேண்டிய எழுத்துகள்.