தீர்த்தல்: வழக்கு முடியும் இடம்

தீர்த்தல் (வினை): வழக்கின் இருபக்கமும் கேட்டு முடிவு சொல்லுதல்.

வேர் ‘தீர்’. தொல்காப்பிய உரியியல் தீர்தல், தீர்த்தல் இரண்டுக்கும் ‘விடுதல்’ என்றே பொருள் தருகிறது. ஆனால் பெயர்ச்சொல்லில் இரண்டும் பிரிகின்றன. பணம் தானே தீரும். அந்தத் தீர்தலின் பெயர்ச்சொல் தீர்வு. வழக்கை ஒருவர் தீர்க்க வேண்டும். அதனால் வல்லின ‘ப்’ இரட்டித்துத் தீர்ப்பு.

எட்டயபுரம் கரிசலில் வரப்புத் தகராறு முற்றினால் பெரியவர்களிடம், “நீங்களே தீத்து வையிங்க” என்பார்கள். நோய், கடன், தாகம் தீர்ப்பதும் இதே வினைதான். நிலவரியான ‘தீர்வை’யும் இவ்வேரினதே, தொகை இவ்வளவென்று முடிவானது.

தீர்மானமும் உறவுச் சொல். கோயில் தீர்த்தம் மட்டும் வேறு; அது வடசொல்.