நிந்தவூரில் இன்சுலின் சார்ந்த நீரிழிவு

நிந்தவூர், இலங்கையின் அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் காரைதீவுக்குத் தெற்கே அமைந்த, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். நெற்செய்கையும் மீன்பிடியும் இங்கு முக்கிய தொழில்கள். முதலாம் வகை நீரிழிவில் கணையம் இன்சுலினைச் சுரப்பதில்லை. இன்சுலின் ஊசி நின்றால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரும். நாட்பட்ட இரண்டாம் வகைச் சீனி வருத்தக்காரர் பலருக்கும் ஊசி தேவைப்படுகிறது.

அரச வைத்தியசாலைக் கிளினிக்குகளில் இன்சுலின் இலவசம். வறிய நாடுகள் பலவற்றில் கிடைக்காத பேறு இது. ஆனால் இரத்தச் சீனியைச் சோதிக்கும் குளுக்கோமீட்டரையும் ஸ்ட்ரிப்புகளையும் பெரும்பாலும் பாமசியில் காசு கொடுத்தே வாங்க வேண்டும். நாட்கூலியில் வாழும் குடும்பம் முதலில் கைவிடுவது இந்தச் சோதனையைத்தான். சீனி அளவு தெரியாமல் ஊசி ஏற்றுவதே இங்குள்ள பெரிய ஆபத்து.

திறக்காத இன்சுலின் குப்பியை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்க வேண்டும், உறையவிடக் கூடாது. 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. டொலர்த் தட்டுப்பாட்டால் மருந்து இறக்குமதியும் தடுமாறியது. குளிர்சாதனப்பெட்டி இல்லாத வீட்டில் ஈரமணலுக்குள் வைத்த மண்பானை உதவும். ஆவியாதலால் குளிர்வதால், வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் அது நன்கு பயன்படும்; மாரிகால ஈரக்காற்றில் பயன் குறைவு.

றமழான் தனிக்கவனம் வேண்டும் காலம். முதலாம் வகையினருக்கு நோன்பு பொதுவாக உயர் ஆபத்தானது. நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. குணமாகாத நோயுள்ளவர் நோன்புக்கு ஈடாக ஏழைக்கு உணவளித்துப் பித்யா கொடுக்கலாம். ஆயினும் ஊரே நோன்பிருக்கையில் தான் மட்டும் உண்ணப் பலருக்கு மனம் வருவதில்லை. அவர்களைக் கடிந்துகொள்வதால் பயனில்லை. நோன்புக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே கிளினிக்கில் பேசவைப்பதே பயன் தரும். நாளுக்கு இருவேளை கலப்பு இன்சுலின் ஏற்றுவோருக்கு, வழக்கமான காலை அளவை நோன்பு திறக்கும் வேளைக்கு மாற்றி, விடியலுக்கு முந்திய ஸஹர் வேளை அளவைக் குறைப்பது மருத்துவ நடைமுறை. எவ்வளவு என்பதை வைத்தியரே சொல்ல வேண்டும். விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது. இரத்தச் சீனி டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலோ 300ஐத் தாண்டினாலோ, நோன்பு திறக்க ஐந்தே நிமிடம் இருந்தாலும் உடனே முறித்துவிட வேண்டும். நடுக்கமும் வியர்வையும் கண்டால், சோதிக்க வழியில்லாவிட்டாலும் சீனித்தண்ணீர் கொடுத்துவிட வேண்டும்; மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.