ஸ்வகோப்மண்ட்: மூடுபனி ஊரில் ஒரு பகல்

நமீபியாவின் அட்லாண்டிக் கரையில், நமீப் பாலைவனம் கடலோடு சேரும் இடத்தில் அமைந்த ஊர் ஸ்வகோப்மண்ட். வால்விஸ் பே துறைமுகத்திலிருந்து வடக்கே சுமார் 35 கிலோமீட்டர். ஒருபக்கம் அலையும் மறுபக்கம் மணற்குன்றுமாக ஓடும் சாலையில் காலையில் வந்து இறங்குபவருக்குப் பாலைவனத்துக்கு வந்த நினைப்பே இருக்காது. குளிருக்கு மேலங்கி வேண்டும். கடற்கரை விளக்குகள்கூட மங்கலாகவே தெரியும்.

ஆப்பிரிக்காவின் தென்முனையிலிருந்து வடக்கே பாயும் பெங்குவேலா நீரோட்டம்தான் இதற்குக் காரணம். அதன் குளிர்ந்த நீர்மேல் வரும் ஈரக்காற்று குளிர்ந்து தாழ்ந்த மேகமாகிறது. இரவில் அது கரையேறி ஊரை மூடுகிறது. ஆண்டு மழை 20 மில்லிமீட்டரைத் தாண்டுவதே அரிது. ஆனால் ஆண்டில் நூறு நாளுக்கும் மேல் மூடுபனி உண்டு. பல நாள்களில் உச்சிவேளைக்குள் விலகிவிடும் என்பதால், முற்பகலை ஊருக்கும் பிற்பகலைப் பாலைவனத்துக்கும் ஒதுக்குவது நல்லது.

இயற்கைத் துறைமுகம் இல்லாத இடத்தில் இந்த ஊர் எழுந்ததற்கு அரசியலே காரணம். வால்விஸ் பே 1878 முதல் பிரிட்டன் வசம் இருந்தது. தங்களுக்கென ஒரு துறை தேடிய ஜெர்மானியர் 1892இல் இங்கே குடியேற்றம் தொடங்கினர். முதலில் கட்டிய அலைதாங்கி மணலால் தூர்ந்தது. 1905இல் மரத்தாலான கடற்பாலம் வந்தது. 1912இல் தொடங்கிய இரும்புப் பாலத்தை முதல் உலகப்போர் பாதியில் நிறுத்தியது. இன்று அதன் முனை வரை நடக்கலாம், அங்கே உணவகமும் இருக்கிறது. கலங்கரை விளக்கம், வோர்மன் மாளிகை, ஓட்டலாக மாறிவிட்ட பழைய ரயில் நிலையம், 1951இல் தொடங்கிய அருங்காட்சியகம் எல்லாம் நடந்தே பார்க்கக்கூடிய தூரத்தில் உள்ளன.

ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் 'மார்ட்டின் லூதர்' என்ற நீராவி இழுவை வண்டி நிற்கிறது. மாட்டுவண்டிகளுக்கு மாற்றாக 1896இல் கொண்டுவரப்பட்ட இதற்கு, தண்ணீரே இல்லாத மண்ணில் தண்ணீர் ஏராளமாகத் தேவைப்பட்டது. ஓட்டம் நின்ற இடத்திலேயே விட்டுவிட்டார்கள்.

அழகிய முகப்புகளை மட்டும் பார்த்துத் திரும்புவது இந்த ஊருக்குச் செய்யும் அநீதி. 1904–1908 காலத்தில் ஹெரேரோ, நாமா மக்களை ஜெர்மானியப் படை கொன்று குவித்தது. பிடிபட்டவர்களை அடைத்த முகாம்களில் ஒன்று இங்கேதான் இருந்தது. பசியிலும் குளிரிலும் கட்டாய உழைப்பிலும் இறந்தவர்கள் ஊரின் ஓரத்தில் புதைக்கப்பட்டார்கள். பெயர்ப்பலகையோடு வரிசையாக அமைந்த குடியேறிகளின் கல்லறைகளுக்கு அருகிலேயே, பெயரற்ற அந்த மணல்மேடுகள் பரந்து கிடக்கின்றன. நடந்தது இனப்படுகொலை என்று ஜெர்மனி ஒப்புக்கொண்டது 2021இல்தான். அந்த மணல்மேடுகளருகே நின்றுவிட்டுப் போக அரை மணி நேரமாவது ஒதுக்க வேண்டும்.

பனி விலகியதும் பாலைவனம். மூடுபனிதான் இங்கே உயிர்நீர். நமீப் மணற்குன்றுகளில் வாழும் ஒரு கருவண்டு, பனி இறங்கும் வேளையில் முகட்டில் ஏறித் தலைகீழாக நிற்கும். முதுகில் படியும் துளிகள் உருண்டு வாய்க்கு வரும். இந்த நடத்தையை ஹாமில்டன், சீலி என்ற இரு ஆய்வாளர்கள் 1976இல் பதிவு செய்தனர்.

ஊருக்குக் கிழக்கே சுமார் 50 கிலோமீட்டரில் வெல்விட்சியா சமவெளி. இந்தச் செடிக்கு வாழ்நாள் முழுக்க வளரும் இரண்டே இலைகள்; காற்றில் கிழிந்து நாடாக்களாகச் சுருண்டு கிடக்கும். சில செடிகள் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்தவை. சமவெளி தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால், ஊரிலேயே அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும்.