நைரோபியில் வீடு கட்டிய பெண்கள்

விபச்சாரத்தைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஒழுக்கக்கேடு என்று பழிப்பர்; அன்றேல் அவலம் என்று இரங்குவர். கென்யத் தலைநகர் நைரோபியை முன்வைத்து லூயிஸ் ஒயிட் 1990இல் வெளியிட்ட ஆய்வுநூல் அதனை உழைப்பாகக் காண்கிறது. அத்தொழிலில் இருந்த மூதாட்டியரின் வாய்மொழிகளே அந்நூலின் அடித்தளம் என்பதால், நாம் அதைக் கவனித்துப் படிக்க வேண்டியுள்ளது.

1890களில் மாட்டுக் கொள்ளைநோயும் பஞ்சமும் கிழக்கு ஆப்பிரிக்காவை உலுக்கின. கால்நடையே செல்வமாகவும் மணப்பரிசமாகவும் இருந்த குடும்பங்கள் நொடித்தன. 1899இல் மொம்பாசாவிலிருந்து இருப்புப்பாதை வந்தடைய, நைரோபி நகரம் முளைத்தது. காலனி அரசு குடிசை வரி விதித்து ஆண்களைக் கூலி வேலைக்குத் தள்ளியது. கூலி ஒற்றை ஆளுக்கென்றே கணக்கிடப்பட்டது. மனைவி மக்கள் கிராமத்தில் பயிரிட்டுப் பிழைத்துக்கொள்வர் என்பது ஆட்சியாளர் எண்ணம். எனவே தொழிலாளியின் குடும்பத்துக்கு நகரில் இடமில்லை.

அந்த வெற்றிடத்தில்தான் பங்கானி, பும்வானி முதலிய குடியிருப்புகளின் பெண்களைக் காண்கிறோம். தெருவில் அலைந்து ஆடவரைத் தேடியவர் ஒருவகையினர். தம் அறையிலேயே காத்திருந்தவரை 'மலாயா' என்றனர். நமக்கு ரப்பர் தோட்டங்களை நினைவூட்டும் அச்சொல், சுவாகிலியில் வேறு பொருளுடையது. மலாயாப் பெண் உடலை மட்டும் விற்கவில்லை. தேநீர், உணவு, குளிக்க நீர், படுக்கை, ஆறுதலான பேச்சு என இல்லறத்தின் வசதிகளுக்கே விலை பெற்றாள். மறுநாள் அவன் வேலைக்குத் திரும்பினான். அவனைப் பேணும் செலவு முதலாளியைச் சேரவில்லை.

ஈட்டிய பொருளைத் தந்தைக்கு அனுப்பி, இழந்த மந்தையை மீட்க உதவிய மகள்கள் உண்டு. ஊர் திரும்ப விரும்பாதோர் மண்வீடு கட்டி அறைகளை வாடகைக்கு விட்டனர். பலர் இஸ்லாத்தைத் தழுவிப் புதிய உறவுகளைத் தேடிக்கொண்டனர். தாமே தேர்ந்த வாரிசுகளுக்குச் சொத்தை விட்டுச் சென்றனர்.

இதை வெற்றிக்கதையாக்குவதும் பிழையே. வன்முறை, நோய், காவலர் கெடுபிடி ஆகியவற்றினூடே வாழ்ந்தவர்கள் அவர்கள். 1930களின் இறுதியில் பங்கானி முழுவதும் இடிக்கப்பட்டபோது, பெண்கள் கட்டிய வீடுகளும் மண்ணாயின.

இன்று 'மலாயா' சுவாகிலியில் ஒரு வசைச்சொல். நகரம் வீடு தர மறுத்த காலத்தில் வீட்டை உருவாக்கியவளின் பெயர் அது என்பதை அவ்வசை மறைத்துவிடுகிறது.