இறந்தோர் நினைவு: ஹாலிஎல, ஊவாத் தோட்டக் கத்தோலிக்கர் வழக்கங்கள்

ஊவா மாகாணத்தின் ஹாலிஎலப் பகுதியிலும் அதைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும் வாழும் கத்தோலிக்கர், இறந்தவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பதும், சேமக்காலைக்குப் போய்க் கல்லறைகளை மந்திரிப்பதும், வீட்டில் செபமாலை சொல்வதும் இக்கட்டுரையின் பொருள். உலகத் திருச்சபையின் பொது முறைதான் இங்கும் அடிப்படை. ஆனால் தோட்டத்து மண்ணில் கல்லறை நிலைப்பதில்லை, மண்ணும் தோட்ட மக்களுடையதல்ல. ஆகவே இறந்தவரின் பெயரைப் பலிபீடத்தருகே வாசிக்கச் செய்வதே இங்கு முதன்மையான நினைவாக வளர்ந்திருக்கிறது.

இடமும் மக்களும்

ஹாலிஎல, பதுளை நகரிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவில், ஹப்புத்தளை, பண்டாரவளை வழியாக வரும் வீதி நுவரெலியா – பதுளை வீதியில் வந்து சேரும் சந்தியில் அமைந்துள்ளது. 1924இல் பதுளையை எட்டிய மலையக ரயில் பாதையில், தெமோதரைக்கும் பதுளைக்கும் இடையே இவ்வூருக்கு ஒரு நிலையம் உண்டு. கடைவீதியில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் கலந்து வாழ்கிறார்கள். சரிவில் ஏறினால் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயன்கள் தொடங்கிவிடும்.

லயத்துத் தமிழரின் முன்னோர் 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து முதலில் கோப்பிக்கும், 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்த பிறகு தேயிலைக்கும் வந்தவர்கள். பெரும்பான்மையோர் இந்துக்கள். 'வேதக்காரர்' என்று அக்கம்பக்கத்தார் அழைத்த கத்தோலிக்கர் ஒவ்வொரு தோட்டத்திலும் சில குடும்பங்களே. ஊவா முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் கத்தோலிக்கர் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை.

1886இல் நிறுவப்பட்ட கண்டி மறைமாவட்டத்தின் கீழ் ஊவா இருந்தது. சில்வெஸ்திரன் பெனடிக்ட் சபைத் துறவிகள் இங்கே பணியாற்றினார்கள். 1972இல் பதுளை தனி மறைமாவட்டமாயிற்று. பதுளை, மொனராகலை ஆகிய இரு மாவட்டங்களும் அதன் எல்லை. பதுளை நகரின் மரியன்னை கோயில் அதன் பேராலயம். கண்டியின் ஆயராக இருந்த லியோ நாணயக்கார, தோட்ட மக்களும் ஏழை விவசாயிகளும் நிறைந்த இந்தப் புதிய மறைமாவட்டத்துக்கு முதல் ஆயராக வந்து, 1982இல் மறையும்வரை இங்கேயே பணி செய்தார்.

நம்பிக்கையின் வேர்

இறந்தவருக்காகச் செபிக்கும் வழக்கத்துக்குத் திருச்சபை காட்டும் வேதச் சான்று, மக்கபேயர் இரண்டாம் நூலின் 12ஆம் அதிகாரம். போரில் விழுந்த வீரர்களுக்காகப் பாவப் பரிகாரப் பலி செலுத்த யூதா மக்கபே எருசலேமுக்கு 2,000 வெள்ளிக் காசு அனுப்பிய செய்தி அதில் உள்ளது. உயிரோடிருப்போரின் செபமும் பூசையும் உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்கு உதவும் என்பதை 1274ஆம் ஆண்டின் லியோன் சங்கமும், 1439இல் புளோரன்ஸ் சங்கமும், 16ஆம் நூற்றாண்டில் திரிதெந்தின் சங்கமும் உறுதிப்படுத்தின. நவம்பர் 2ஐச் சகல ஆத்துமாக்களின் நாளாக வைக்கும் முறை 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் குளூனி மடத்தின் அதிபர் ஒடிலோவிடமிருந்து பரவியது. முதல் உலகப் போரில் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக மடிந்துகொண்டிருந்த 1915இல், அந்த ஒரு நாளில் ஒவ்வொரு குருவும் மூன்று பூசை வைக்கலாமென்று பாப்பரசர் 15ஆம் பெனடிக்ட் அனுமதித்தார்.

ஆனால் ஊவாவின் நிலையோடு நெருங்கிப் பேசுவது, சங்கங்களின் தீர்மானங்களை விட, புனித மோனிக்காவின் மரணம்தான். ஆபிரிக்காவில் பிறந்த மோனிக்கா, கணவருக்குப் பக்கத்தில் தனக்கென்று கல்லறை இடம் ஒதுக்கி வைத்திருந்தார். 387இல் ஊருக்குத் திரும்பும் வழியில், ரோமுக்கு அருகே ஒஸ்தியாத் துறைமுகத்தில் நோயில் விழுந்தார். உடலை எங்கே புதைத்தாலும் பரவாயில்லை, நீங்கள் எங்கே இருந்தாலும் ஆண்டவருடைய பலிபீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டதாக, மகன் அகுஸ்தீன் தம் 'அறிக்கைகள்' நூலில் எழுதியிருக்கிறார். பிறந்த ஊர் கடலுக்கு அப்பால் இருக்க, வந்த மண்ணில் கண்மூடிய ஒரு தாயின் கடைசி ஆசை அது. தோட்டத்துக்கு வந்து திரும்பாமல் போன தலைமுறைகளின் கதையும் அதுவேதான்.

சாவு வீடு

தோட்டத்தில் ஒரு சாவு என்றால் அது லயத்துக்கே சாவு. செத்த வீட்டில் அடுப்பு எரியாது. சாயத் தண்ணியும் சாப்பாடும் பக்கத்து வீடுகளிலிருந்து வரும். பெட்டிக்கும் குழிக்குமான செலவைத் தாங்க மாதச் சந்தா பிடிக்கும் மரண உதவிச் சங்கங்கள் உண்டு. அவற்றில் மத வேறுபாடு பார்ப்பதில்லை. வேதக்கார வீட்டில் உடலின் தலைமாட்டில் பாடுபட்ட சுரூபமும் மெழுகுதிரியும் வைக்கப்படும். இரவு முழுக்கச் செபமாலை தொடரும். செபமாலைக்கு நடுவே ஒப்பாரியும் எழும்.

ஒப்பாரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நான்காம் நூற்றாண்டில் யோவான் கிறிசோஸ்தோம் முதல், அளவு கடந்த அழுகையைக் கண்டித்த போதகர்கள் பலர். உயிர்ப்பை நம்புகிறவர்கள் மாரடித்து அழலாமா என்பது அவர்களுடைய கேள்வி. தோட்டத்துப் பெண்கள் செபமாலையும் சொன்னார்கள், ஒப்பாரியும் வைத்தார்கள். இறந்தவர் எந்தத் தோட்டத்தில் பிறந்தார், எந்த டிவிசனுக்கு வாழ்க்கைப்பட்டார், எத்தனை பிள்ளையைப் பெற்று எத்தனையைப் பறிகொடுத்தார், எந்த மலையில் கொழுந்தெடுத்தார் என்பதெல்லாம் அந்த ஒப்பாரியில் வரும். எழுதத் தெரியாத ஒரு சமூகம் தன் மனிதர்களைப் பற்றி வைத்திருந்த வாழ்க்கைக் குறிப்பு அது ஒன்றுதான். குருவானவரின் மன்றாட்டு ஆத்துமத்தைக் கடவுளிடம் ஒப்படைக்க, ஒப்பாரி அந்த மனிதரின் வாழ்வை ஊருக்குச் சொன்னது. இரண்டையும் எதிரெதிராக நிறுத்த வேண்டிய தேவையே இல்லை. ஒப்பாரி வைக்கத் தெரிந்த மூதாட்டிகள் குறைந்துவிட்ட இக்காலத்தில், அவர்களைப் பாடச் சொல்லிப் பதிவு செய்வது மறைமாவட்டத்துக்கே ஏற்ற பணி.

பழைய நாட்களில் குருவானவர் பல தோட்டங்களுக்கு ஒருவராக இருந்து, எப்போதாவதுதான் மலை ஏறி வருவார். பிணம் காத்திருக்காது, பூசை காத்திருக்கும். உபதேசியார் செபம் சொல்லி அடக்கம் நடத்துவார், சாமி வரும்போது பூசை வைக்கப்படும். சடங்கும் உடலும் இப்படி நாட்கணக்கில் பிரிந்து நின்றதாலேயே, பூசைக்குப் பேர் கொடுப்பது தோட்டத்தில் இவ்வளவு முக்கியமாயிற்று.

நாட்கள்

ஏழாம் நாள், முப்பதாம் நாள், ஆண்டு நிறைவு ஆகிய பூசைகள் பழைய ரோமைப் பூசைப் புத்தகத்திலேயே உள்ளவை. இறந்தவருக்கு இப்படி நாள் குறித்து வழிபடும் முறையின் தொன்மைக்குச் சான்று, 395இல் பேரரசர் தெயோதோசியுசுக்காக 40ஆம் நாளில் புனித அம்புரோஸ் ஆற்றிய உரை. ஊவாவில் இந்த நாட்கள் அயலாரின் நாட்களோடு ஒட்டி நடக்கின்றன. சிங்களப் பௌத்தர் ஏழாம் நாளிலும் மூன்றாம் மாதத்திலும் தானம் கொடுக்கிறார்கள்; இந்துத் தமிழர் கருமாதி செய்கிறார்கள். கத்தோலிக்க வீட்டு முப்பதாம் நாள் சாப்பாட்டில் இவர்கள் எல்லாருக்கும் இலை விழும். குடும்பத்தில் ஒரு பாதி இந்துவாகவும் மறு பாதி வேதமாகவும் இருக்கும் வீடுகள் தோட்டத்தில் ஏராளம். பூசையும் கருமாதியும் அடுத்தடுத்து நடந்து, யாருக்கும் மனக்குறை இல்லாமல் முடிவதும் உண்டு.

தூரத்துச் சொந்தங்களுக்கு ஒரு காலத்தில் தந்தியும், இலங்கை வானொலியின் மரண அறிவித்தலும் துணை நின்றன. வசதியுள்ள குடும்பங்கள் வீரகேசரியில் ஆண்டு நினைவஞ்சலி வெளியிட்டன. இன்று அந்த வேலையைக் கைத்தொலைபேசி செய்கிறது.

நவம்பர் மாதம் முழுவதும் உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்குரியது. 1 முதல் 8 வரை சேமக்காலைக்குச் சென்று இறந்தோருக்காகச் செபிப்பவர், பாவசங்கீர்த்தனம், நற்கருணை முதலிய வழக்கமான நிபந்தனைகளோடு, அவர்களுக்காகப் பரிபூரணப் பலனைப் பெறலாம். கொவிட் பெருந்தொற்றுக் காலமான 2020இல் கூட்டம் சேராமலிருக்க, வத்திக்கான் இந்தச் சலுகையை மாதம் முழுவதற்கும் நீட்டியது. 2ஆம் திகதிக்கு முன்பே குடும்பங்கள் மண்வெட்டியோடு போய்ப் புல் செதுக்கி, மேட்டைச் சீராக்கி, சுண்ணாம்படித்து வைப்பார்கள். பூசை முடிந்ததும் குருவானவர் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். மெழுகுதிரியோடு ஊதுபத்தியும் எரியும். ஊவாவில் அது மழைக்காலமாதலால், காற்றும் மழையும் திரியை நிற்க விடாது. ஏற்றுவதும் அணைவதும் மறுபடி ஏற்றுவதுமாகவே அந்த நாள் கழியும்.

மண்ணும் பெயரும்

பதுளை நகரில் இறந்தவர் ஒருவரின் நினைவாகவே எழுந்த கோயில் ஒன்று இருக்கிறது: ஆங்கிலிக்கன் சபையின் புனித மாற்கு ஆலயம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியதாகச் சொல்லப்படும் மேஜர் தாமஸ் வில்லியம் ரோஜர்ஸ், 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். அவருக்காகத் தோட்டத்துரைமாரும் நண்பர்களும் கட்டியது இது. இலங்கைக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து ஜே. பென்றி லூயிஸ் 1913இல் வெளியிட்ட பெருநூலிலும் இடம்பெற்றவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்தாம். அதே காலத்தில், தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்கு நடந்துவந்த வடக்குப் பாதையில் கொள்ளைநோய்க்கு விழுந்தவர்களுக்கும், தோட்டத்தில் புதைந்தவர்களுக்கும் ஒரு கல்கூட இல்லை. தேயிலைக்கடியில் அடையாளமின்றிக் கிடக்கும் இந்த மனிதர்களை, ஆங்கிலத்தில் எழுதிய மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை பாடுபொருளாக்கினார்.

நகரத்துச் சேமக்காலையில் கட்டிய கல்லறைகள் நிற்கும். தோட்டத்தில் பெரும்பாலும் சரிவில் ஒதுக்கப்பட்ட ஒரு துண்டு நிலம், மண் மேடு, மரச்சிலுவை. மழை இரண்டு மூன்று ஆண்டில் மேட்டைக் கரைத்துவிடும், சிலுவை இற்றுப்போகும். நிலம் முதலில் வெள்ளைக்காரக் கம்பனியுடையது, 1970களின் நிலச்சீர்திருத்தத்துக்குப் பின் அரசுடையது, 1990களிலிருந்து கம்பனிகளின் குத்தகையில் இருப்பது. எந்தக் காலத்திலும் அது புதைந்தவரின் பிள்ளைகளுக்குச் சொந்தமாக இருந்ததில்லை.

பிள்ளைகளே பிரிந்துபோன வரலாறும் உண்டு. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் போனவர்களின் தாய் தகப்பன் ஊவாச் சரிவுகளிலேயே கிடந்தார்கள். கல்லறைக்குப் போக முடியாதவருக்குப் பூசையில் பேர் சொல்வது ஒன்றே வழி. மோனிக்காவின் வேண்டுகோள் இங்கே புத்தகத்துக்குள் அடங்கியிருக்கும் செய்தியாக இல்லை.

2014 ஒக்டோபர் 29 காலையில், இதே பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. பலருடைய உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. அந்த ஆண்டின் கல்லறைத் திருநாள் அதற்கு நான்காம் நாள் வந்தது. பெருந்தொற்றின்போது வேறு விதமான பறிப்பு நிகழ்ந்தது: 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை, கொவிட்டால் இறந்த எல்லாரையும் எரித்தே ஆகவேண்டுமென்று அரசு விதித்தது. முஸ்லிம்களை மிக ஆழமாகக் காயப்படுத்திய அந்த விதி, மண்ணில் அடங்க விரும்பிய கிறிஸ்தவரையும் விடவில்லை. தகனத்தைத் திருச்சபை 1963 முதல் அனுமதித்தாலும், சாம்பலைச் சேமக்காலை போன்ற புனித இடத்திலேயே வைக்க வேண்டும், தூவிவிடவோ பிரித்துக்கொடுக்கவோ கூடாது என்று 2016இல் வத்திக்கான் வகுத்தது. உடலானாலும் சாம்பலானாலும் இறந்தவருக்குப் பெயரோடு ஓர் இடம் வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

பெயர் எழுதப்படும் இடம்

நவம்பரில் பங்குக் கோயில்களில் இறந்தவர் பெயர்களைத் தாளில் எழுதிக் காணிக்கையோடு உறையில் இடுவார்கள். உறைகள் மாதம் முழுக்கப் பலிபீடத்தருகே இருக்கும். சில இடங்களில் பெயர்களை வாசிப்பதும் உண்டு. தாத்தா பெயர், அவருக்கு அப்பா பெயர், பெயர் வைக்குமுன் இறந்த குழந்தை என்று அந்தத் தாள் நீளும். துரையின் செக்ரோல் பதிவேட்டில் நாட்கூலிக்காக ஏறிய பெயர், கூலி நின்ற நாளோடு மறைந்துபோயிற்று. இந்தத் தாளில் ஏறும் பெயர் கூலியைக் கருதி ஏறுவதில்லை.

உறை மாதத்தோடு முடிந்துவிடும். பங்கின் மரணப் பதிவேடு நிலைக்கும். அடக்கத்தை அதில் பதியவேண்டும் என்பது 1983 திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1182ஆம் சட்டம். உபதேசியார் நடத்திய அடக்கங்கள் எல்லாம் அதில் ஏறியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஏறாத பெயர்களை நினைவில் வைத்திருக்கும் முதியோர் இன்னும் சிலர் லயங்களில் இருக்கிறார்கள். ஹாலிஎலத் தோட்டங்களிலிருந்து கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போன பிள்ளைகள், அடுத்த முறை ஊருக்கு வரும்போது அந்த முதியோரிடம் உட்கார்ந்து, இறந்தவர் பெயர், தோட்டம், டிவிசன், தெரிந்தால் ஆண்டு ஆகிய நான்கையும் எழுதிப் பங்குக் குருவானவரிடம் ஒரு பிரதி கொடுக்கட்டும்.